ஸ்பிரிங் கட்டிலில் செவலை

11 ஆகஸ்ட் 1940, ஞாயிறு

மழை இல்லை. கேழ்வரகுக்குக் களை எடுக்க வருகிறேன் என்றவர்கள் யாரும் வரவில்லை. காலையில் எழுந்தபோது முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரை வரை போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டது. தினமும் இப்படித்தான்.

இன்று வீட்டுக்கு ஒரு கட்டில் வந்தது. மொரப்பூர் சின்ன ரயிலை நிறுத்தப் போகிறார்களாம். தருமபுரியில் இருந்த ரயில்வே துரை ஊரைக் காலி செய்கிறார், அவருடைய சாமான்களை ஏலம் போட்டார்கள். வீட்டுக்காரர் போய் ஸ்பிரிங் கட்டிலை எடுத்து வந்திருக்கிறார். இரும்புச் சட்டம், நடுவில் முழுக்கக் கம்பிச் சுருள், மேலே பஞ்சு மெத்தை. வண்டியிலிருந்து இறக்கும்போதே கிரீச் கிரீச் என்று கத்தியது. மணியக்காரர் வீட்டில் துரை படுத்த கட்டில். ஆறு மாதம் பேசுவதற்கு இவருக்கு இது போதும்.

14 ஆகஸ்ட்

மூன்று நாள் படுத்துப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல், "வர்றவங்க பார்க்கட்டும்" என்று கட்டிலைக் கூடத்தில் போட்டுவிட்டார்.

20 ஆகஸ்ட்

இன்று சிரித்தேன். எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான். தையில் மகள் மாதம்மாளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். மகள் இருந்தவரை அவளோடு பேசுவேன். அவள் போனதும் இவருக்கு வருகிற டயரியில் எழுத ஆரம்பித்தேன். இவர் டயரியைப் பிரிப்பதே இல்லை.

சிரிக்க வைத்தது செவலை. போன கார்த்திகையில் பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போனபோது முந்தானையில் சுற்றி எடுத்து வந்த நாய்க்குட்டி. இப்போது பத்து மாதம் ஆகிறது, உடம்பை விட்டுவிட்டுக் கால் மட்டும் வளர்ந்திருக்கிறது. கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று கட்டில் மேல் தாவியது. கம்பி அதைத் தூக்கி எறிந்தது. பயந்து ஓடும் என்று பார்த்தால், திரும்பி வந்து மறுபடி தாவியது. நான் களி உருண்டை ஒன்றைக் கையில் தூக்கிக் காட்டினேன். ஆள் உயரம் எழும்பி வாங்கிக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் சிரிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தாவல்.

இவர் வந்ததும், நான் பழக்கினேன் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

9 செப்டம்பர்

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். இவர் செவலையைக் குதிக்க வைத்துக் காட்டினார். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நஞ்சப்பன், உம்ம நாயும் உம்ம பேச்சைத்தான் கேக்குது" என்றார். என் பேச்சைத்தான் கேட்கும் என்று உள்ளேயிருந்து சொல்ல முடியுமா?

மெத்தையை எடுத்துவிட்டார். மெத்தை இருந்தால் நாய் உயரமாக எழும்பவில்லையாம். கட்டிலும் வெளியே, கல் பாவிய வாசலுக்குப் போயிற்று.

2 அக்டோபர்

இன்று மூன்று தடவை. மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேருக்கும் காட்ட வேண்டாமா?

17 நவம்பர்

தாசில்தார் வந்து போனார். வருகிற பங்குனியில் தருமபுரியில் யுத்த நிதிக்காகக் கண்காட்சி நடத்துகிறார்களாம். மாடு, கோழி, நெசவு எல்லாம் வைப்பார்களாம். "இந்த நாயையும் கொண்டாந்து விடுங்க மணியக்காரரே, ஜனங்க கூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இன்று மாலையே கட்டிலின் நாலு காலுக்கும் கீழே கல் வைத்து உயர்த்தியாயிற்று. செவலை கல்வாசலில் இறங்கும்போது தொப் தொப்பென்று சத்தம் கேட்கிறது. அடுப்பங்கரைக்கே கேட்கிறது.

12 ஜனவரி 1941

செவலை காலையில் எழுந்து வரும்போது வலப் பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் வந்தது. என்னைக் கண்டதும் வாலை ஆட்டியது. கிணற்றடி வரை போய் வந்த பிறகு நொண்டல் இல்லை. முள் குத்தியிருக்கும் என்று பாதத்தைப் பார்த்தேன். முள் எதுவும் இல்லை.

15 ஜனவரி

நாலு நாளாக அதே கதை. இவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

இவருக்கு மாட்டுக்கால் பார்ப்பதில் பெரிய பேர். நல்லம்பள்ளியிலிருந்து அதியமான்கோட்டை வரை எவன் மாடு பிடிப்பதானாலும், "மணியக்காரர் ஒரு நடை பார்க்கட்டும்" என்பான். இவர் பார்க்கும் விதம் ஒன்றுதான். மாட்டை நூறு கஜம் ஓட்டச் சொல்வார். போகப் போக நொண்டல் கூடினால் தள்ளு. போகப் போகக் குறைந்தால் பிடி. அது வலி இல்லை, நின்ற இடத்திலேயே நின்ற சோம்பல் என்பார். முப்பது வருஷமாக இந்த ஒரு பாட்டு.

செவலையையும் அப்படியே வாசலில் நடத்திப் பார்த்தார். நடக்க நடக்க நொண்டல் போய்விட்டது.

"பாத்தியா? சோம்பல். மாடா இருந்தாலும் நாயா இருந்தாலும் கால் கால்தான். காலையில பத்து குதி குதிக்க வுடு, இருக்கிற இடம் தெரியாம போயிடும்."

20 ஜனவரி

தினமும் விடிந்ததும் பத்துக் குதி. இப்போது களி உருண்டையைத் தூக்கிக் காட்டுவது இவர். முதல் குதிக்குச் செவலை யோசிக்கிறது. பின்னால் போகிறது, முன்னால் வருகிறது, கட்டிலை முகர்கிறது. நாலாவது குதிக்குப் பிறகு பறக்கிறது. இவர் என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்று கண்ணாலேயே கேட்கிறார்.

இன்று கேட்டேவிட்டேன்.

"என் முழங்காலும் காலையில அப்படித்தாங்க இருக்குது. நடந்தா விட்டுப் போவுது. அதுக்காக வலி இல்லைன்னு ஆயிடுமா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நடந்தா போயிடுதில்ல?" என்றார். "அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அப்புறம் என்ன!

வலி போகவில்லை. சூடேறிய கால் வலியை மறைக்கிறது. சாயங்காலம் உட்காரும்போது மறைத்ததையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறது. இது எனக்குத் தெரியும். செவலைக்குத் தெரியும். சாயங்காலத்தில் அது படுக்கிற அழகைப் பார்த்திருந்தால் இவருக்கும் தெரிந்திருக்கும். மூன்று சுற்றுச் சுற்றிப் பாதி மடங்கி, நின்று, மறுபடி சுற்றிப் பிறகு பொத்தென்று விழுகிறது. மாடு பார்க்கிறவர்கள் மாடு படுப்பதைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

3 பிப்ரவரி

பொய் சொன்னேன். அதியமான்கோட்டையில் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி வண்டி கட்டச் சொன்னேன். கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வண்டியை நேரே தருமபுரிக்கு விடச் சொன்னேன். வண்டிக்காரர் தீர்த்தகிரி, செவலை எதற்கு வண்டியில் என்று புறப்படும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பேர் சவுரியப்பன். நாற்பது வயது இருக்கும். நாயைக் கொண்டுவந்ததற்குச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செவலையைக் கீழே படுக்கவைத்து, பின்னங்கால் ஒவ்வொன்றாக மடக்கினார், நீட்டினார். வலக்கால் முட்டியில் கை வைத்தபோது அது என் பக்கம் திரும்பிப் பார்த்தது. கத்தவில்லை.

நான் கேட்டது இதுதான்: "குதிக்கிறது அதுக்குச் சந்தோஷமா இருக்குதுங்க. அது கெடுதலா?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாது.

"தானா ஆசைப்பட்டு, தாழ்வா, மெத்தை மேல நாலு குதி குதிச்சா ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா வெறும் கம்பி கால் வெக்கிற இடத்துல ஒரு பக்கமா அமுங்கும். எந்தப் பக்கம்னு நாய்க்குத் தெரியாது. முட்டி திருகிக்கும். இதுக்கு எலும்பு முத்துற வயசு வேற. அப்புறம் அவ்வளவு உயரத்துலேருந்து கல்லு மேல எறங்குது. இனிமே ஒரு குதி கூட வேணாம். மூணு மாசம் கட்டிப் போடுங்க, வெந்நீர் ஒத்தடம் கொடுங்க. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

"நடந்தா நொண்டல் போயிடுதே?"

"நடந்த பிறகு பாக்காதீங்க. தூங்கி எழுந்து வெக்கிற மொத அடியைப் பாருங்க. கால் அப்பத்தான் உண்மையைச் சொல்லும்."

நான் பெஞ்சியிலிருந்து எழுந்தேன். கையை ஊன்றித்தான் எழுந்தேன். அவர் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார்.

வண்டியில் ஏறிய பிறகு அழுதேன். என் காலைப் பற்றி என்னைக் கேட்ட முதல் ஆள் ஒரு மாட்டு டாக்டர்.

4 பிப்ரவரி

சீட்டைக் கொடுத்தேன். படித்தார். மடித்தார்.

"எந்தக் கோயில்ல குடுத்தாங்க இதை?"

சொன்னேன்.

"ஊரே மாட்டை என்கிட்ட கொண்டாந்து காட்டுது. என் பொண்டாட்டி என் வூட்டு நாயைத் தூக்கிக்கிட்டு இன்னொருத்தன்கிட்ட போவா." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அவன் பங்குனியில கண்காட்சியிலதான மாடு பாக்க நிப்பான்? அவன் கண்ணு முன்னாடியே குதிக்கும், பாரு."

சீட்டு அடுப்பில் போயிற்று. நான் ஒன்று நினைத்துப் போனேன், ஒன்று நடந்தது. நேற்று வரை அது நாயின் கால். இன்று முதல் அது இவருடைய பேர். நாய்க்காலை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார், பேரை விடுவாரா?

5 பிப்ரவரி

பதினைந்து குதி.

22 பிப்ரவரி

வத்தல்மலையிலிருந்து சின்னபொண்ணு புளி கொண்டுவந்தாள். மாதம் ஒரு தடவை இறங்குகிறவள், இப்போது புளிக்காலம் என்பதால் வாரம் தவறாமல் வருகிறாள். செவலையைத் தடவிக்கொண்டே எல்லாம் கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், "எங்கூட அனுப்பிடுங்க ஆத்தா. எங்க மலையில கட்டிலே கெடையாது" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். உடனே செவலை எழுந்து வாசல் பக்கம் நொண்டிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு எதிரில் நின்றது. நான் சிரித்தால் அது குதிக்க வேண்டும் என்று நினைக்கிறது. இனி அதன் எதிரில் சிரிக்கக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை அழைத்துப் போகிறேன் என்றாள். இவரிடம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

1 மார்ச்

சின்னபொண்ணு வந்தாள். நான் அனுப்பவில்லை.

காலையிலேயே கழுத்துக் கயிறெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். பழைய சோறு கட்டி வைத்தேன். அவள் வந்ததும் செவலை என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. இந்த வீட்டில் நான் பேசினால் காதை நிமிர்த்துகிற ஜீவன் அது ஒன்றுதான். அது போய்விட்டால் யாரிடம் பேசுவேன்? கண்காட்சிக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறதே என்று தோன்றியது. "வர்ற சனிக்கிழமை அனுப்பறேன், பொண்ணு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

7 மார்ச்

இவர் செவலையை மாட்டுக்கொட்டகையில் கட்டி, கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். கண்காட்சி வரைக்கும் கண்டதைத் தின்னக் கூடாதாம். சாவி இவர் இடுப்பில்.

நாளைக்குச் சனிக்கிழமை.

8 மார்ச்

அவள் வந்தாள். வெறுங்கையோடு திரும்பினாள். குற்றம் யார் மேல் என்று இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுத வேண்டும். என் மேல்.

15 மார்ச், சனி

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

மைதானம் கொள்ளாத கூட்டம். கட்டிலை மேடை போல உயர்த்திப் போட்டிருந்தார்கள். மாடு பார்க்கிற இடத்தில் டாக்டர் சவுரியப்பன் நின்றிருந்தார். இவர் கெட்டிக்காரர், கூட்டம் பார்க்குமுன் பின்புறமாகச் செவலையை நாலு சுற்று ஓட்டிச் சூடேற்றித்தான் கொண்டு வந்தார். ஒரு நொண்டல் இல்லை. ராஜநடை.

முதல் குதி, இரண்டாவது குதி. கைதட்டல். ஆறாவதோ ஏழாவதோ, பெண்கள் பக்கம் நான் நிற்பதை அது பார்த்துவிட்டது. எட்டு நாளாக என்னைப் பார்க்காத நாய். களி உருண்டையை விட்டுவிட்டது. என்னைப் பார்த்தே குதிக்க ஆரம்பித்தது. நான் சிரிக்க வேண்டும் என்று குதித்தது. உயர உயர. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூடினால் தெரியாதா, தெரியும் அதற்கு. கடைசிக் குதியில் கட்டில் ஓரத்துக் கம்பியில் கால் பட்டு, ஒரு பக்கமாகத் திருகித் தரையில் விழுந்தது. உடனே எழுந்துவிட்டது. வாலை ஆட்டியது. ஜனங்கள் அதையும் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இவருக்கு மாலை போட்டார்கள். மாலையோடு டாக்டரைத் தேடிப் போய்க் கும்பிட்டார். "டாக்டர் ஐயா, பாத்தீங்களா கால?" என்றாராம். "பாத்தேன்" என்றாராம் அவர். தீர்த்தகிரி சொன்னது.

16 மார்ச்

செவலை எழவில்லை.

இவர் கொட்டகைக்குப் போய், "எழு, எழு, சோம்பல்" என்று தூக்கி நிறுத்தினார். வலப் பின்னங்கால் துணி போலத் தொங்கிற்று. இரண்டு அடி நடத்தினார். சரிந்தது. இன்னொரு தடவை நிறுத்தினார். சரிந்தது. "நேத்து நல்லாத்தான இருந்தது" என்றார். மூன்றாவது தடவை நிறுத்தக் கை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை.

18 மார்ச்

யாரும் கூப்பிடாமலே டாக்டர் சைக்கிளில் வந்தார். முட்டிக்குள்ளே நரம்பு அறுந்துவிட்டது, சேராது என்றார். "மூணு காலால நடக்கக் கத்துக்கும். நாய்ங்க கத்துக்கும்." இவர் வயலுக்குப் போயிருந்தார். டாக்டர் சைக்கிள் தூரத்தில் வருவதைக் கண்டுதான் போனார்.

24 மார்ச்

இன்று சூடு போடுகிற கருப்பண்ணனை வரவழைத்தார். கால் விழுந்த மாட்டுக்கு இடுப்புச் சப்பையில் பழுக்கக் காய்ச்சிச் சூடு போடுவது வழக்கம். நாய்க்கும் போட்டால் கால் ஊன்றிவிடும் என்று இவர் எண்ணம். வாசலில் நெருப்பு மூட்டியிருந்தது, கம்பி சிவந்து கிடந்தது. செவலையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்.

நான் போய்ச் செவலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சேலையை முழங்கால் வரை ஏற்றி, காலை நீட்டினேன்.

"கருப்பண்ணா, முதல்ல இதுக்குப் போடு. இதுவும் பல வருஷமா நொண்டுது. இது சரியாச்சுன்னா அப்புறம் நாய்க்குப் போடலாம்."

பாவம் அந்த ஆள், கம்பியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கோங்க அம்மா" என்று எனக்குச் சொன்னார். என்ன தப்புச் செய்தார் அவர்? இவர் என் முழங்காலைப் பார்த்தார். வீங்கிப் பளபளவென்று இருந்தது. பார்த்துவிட்டு, "உள்ள போ, ஆளுங்க வர்ற நேரம்" என்றார்.

சூடு மட்டும் போடவில்லை.

10 ஆகஸ்ட்

செவலை மூன்று காலால் கிணற்றடி வரை போய் வருகிறது. கட்டிலில் கோழி அடைகிறது. நேற்று மாதம்மாள் வந்திருந்தாள், ஏதோ சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள். செவலை எழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். என் மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

30 நவம்பர்

இவர் செவலையின் பக்கம் திரும்புவதில்லை. அது வந்தால் எழுந்து போய்விடுகிறார். அதுதான் வெட்கம் என்றால் எனக்கு அது போதாது.

8 ஜூன் 1942

அதியமான்கோட்டை முனிராஜ் என்பவர் தேன்கூடு ஒன்றும் ஒரு கும்பிடுமாக வந்தார். போன வாரம் இவரைக் கூட்டிப் போய் ஜோடி மாடு பார்த்தாராம். சந்தையில் பார்த்தவரை இரண்டும் தேர் போல நடந்தனவாம். இவர் ஒப்புக்கொள்ளவில்லையாம். விடிவதற்கு முன்னே விற்கிறவன் கொட்டகைக்கே போய், மாடு படுக்கையிலிருந்து எழுவதைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்தாராம். பார்த்தார்களாம். ஒரு மாடு முன்னங்காலை மண்டியிட்டு, பின்னங்காலை ஊன்ற முடியாமல் தடுமாறிற்றாம். தப்பித்தோம் என்று முனிராஜ் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஊர்ப்பக்கமெல்லாம் இதே பேச்சுங்க. நடையைப் பாக்காத, மொத அடியைப் பாருன்னு மணியக்காரர் சொல்றாராம்னு. இது யாருக்குத் தோணும்?"

இவர் மீசையைத் தடவிக்கொண்டார். "முப்பது வருஷமா நான் பாக்கிறது அதைத்தான்" என்றார்.

உள்ளே நான் செவலைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். டாக்டர் பேரைச் சொல்லலாம், நாயைக் காட்டலாம். முனிராஜ் தேன்கூட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டா போகப் போகிறார்? மாடு பிழைத்தது. அதுவும் உண்மைதான்.

"இந்தா, மோர் கொண்டா" என்று குரல் வந்தது.

வெகு நேரம் தரையில் உட்கார்ந்திருந்ததால் முழங்கால் இறுகிக் கிடந்தது. நிலைப்படியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, நின்று, மறுகாலை இழுத்துக்கொண்டு முதல் அடி வைத்தேன். இவர் முனிராஜிடம், எழும்போது எந்தக் கால் முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். என் முகத்துக்கு நேரே உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு அடி நடந்த பிறகு நடை சரியாயிற்று. மோரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.